மஞ்சள் ஸ்டிக்கர்

ஷார்ஜா, ரோலாவுக்குப் பின்தெரு,
கீழ்த்தளத்தில் பழப் பிரிவு.
ஆகஸ்ட் மேலே வெயிலில் நிற்கிறது.
எனக்கு இங்கே பதினான்கு டிகிரி,
யூனிஃபார்முக்குள் ஒரு ஸ்வெட்டர்.

கிரேப் ஃப்ரூட்டைக் குறுக்கே அறுக்க வேண்டும்.
நெடுக்கே அறுத்தால் சுளை தெரியாது,
சுளை தெரியாவிட்டால் விற்காது.
குறுக்கே அறுத்தால்
சிவப்பாய் ஒரு சைக்கிள் சக்கரம்.
அதன்மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டி,
வேர்க்காமல் துடைத்து,
அடியில் லேபிள்:

நூறு கிராமில் நாற்பத்திரண்டு கலோரி.
வைட்டமின் சி முப்பத்தொரு மில்லிகிராம்.
பொட்டாசியம் நூற்று முப்பத்தைந்து.
நார்ச்சத்து ஒன்று புள்ளி ஆறு.
சோடியம் பூஜ்யம்.
எட்டு மணி நேரத்தில் இருநூறு முறை படிக்கிறேன்.
தூக்கத்தில்கூடச் சொல்கிறேன் என்கிறாள்
மேல் கட்டிலில் படுக்கும் நேபாளத்து சம்ஜனா.
அவளுக்குத் தமிழ் தெரியாது,
எண் மட்டும் எப்படியோ புரிகிறது.

ஒன்பது மணிக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
பாதி விலை.
ஒன்பது ஐந்துக்கு இருதயம் அண்ணன் வருவார்.
முழுப்பெயர் இருதயராஜ், ஊர் வேம்பார்,
டவர் கிரேன் ஓட்டுகிறார்,
தினமும் அறுபத்தெட்டு படி ஏணி ஏறி
ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காருகிறார்.
போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு.
அன்றிலிருந்து ஒரு மாத்திரை,
அன்றிலிருந்து இந்தப் பழம்,
தினமும் இரண்டு மூடி.
"கசக்குதும்மா. கசந்தா மருந்துதானே."
சிவப்புக்குக் காரணம் தக்காளியில் இருப்பதே என்றும்
சளிக்கு நல்லது, தோலுக்கு நல்லது என்றும்
எனக்கே பாடம் எடுப்பார்.
நான் லேபிளை நீட்டுவேன்.
கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் படிப்பார்,
பரீட்சையில் பாஸானவர்போலச் சிரிப்பார்.

போன செவ்வாய்
டிராலியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.
தொடை இரண்டும் அடித்துப் போட்டாற்போல் வலி.
முப்பதாவது படியில்
கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாராம்,
மேலேயும் போகாமல் கீழேயும் வராமல்.
"வயசு" என்றார். நாற்பத்தாறு.

எங்கள் பிரிவுக்கு எதிரே மருந்துக் கவுன்டர்.
சூடான்காரப் பெண், இஜ்லால்.
வலித் தைலம் கேட்டார் அண்ணன்.
அவள் தைலத்தை எடுக்கவில்லை.
என்ன மாத்திரை என்றாள்.
அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு அவர் கூடையைப் பார்த்தாள்.

குடலில் ஒரு காவல்காரன், என்றாள்
உடைந்த இந்தியில்,
மாத்திரையில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான்
மிச்சத்தை உள்ளே விடுவான்.
இந்தப் பழம் அவனைத் தூங்கவைத்துவிடும்.
ஒன்று போட்டால் பல போட்ட கணக்கு ஆகலாம்.
காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்றாலும்?
என்றாலும்.
அவ்வளவு சீக்கிரம் அவன் எழுந்திருக்க மாட்டான்.
பழத்தை நிறுத்து,
மாத்திரையை நீயாக நிறுத்தாதே,
நாளைக்கே டாக்டரிடம் போ,
சிறுநீர் கறுத்தால் நாளை வரை காத்திருக்காதே.

அண்ணன் என்னைத்தான் பார்த்தார்.
நான் கையுறையைப் பார்த்தேன்.
"அப்போ பம்பளிமாஸ்?"
அதுவும்தான், சொந்தக்காரன்.
"எலுமிச்சை?"
பிழிந்து குடி, உப்புப் போடு, வெயிலில் நிற்கிறவன்தானே.
எலுமிச்சை என்றதும் அவர் முகத்தில்
ஏதோ சொத்து திரும்பக் கிடைத்த மாதிரி.

பாவம், பழத்தின் மேல் என்ன குற்றம்?
முப்பத்தொன்று முப்பத்தொன்றுதான்.
நான் ஒட்டியது ஒன்றும் பொய் இல்லை.

அண்ணன் இப்போது
மாத்திரை மாற்றிவிட்டார், ஏணி ஏறுகிறார்,
திர்ஹத்துக்கு நாலு எலுமிச்சை பொறுக்கிக்கொண்டு
சக்கரங்களைப் பார்க்காமல் நடக்கிறார்,
பழைய சண்டைக்காரன் தெருவைக் கடப்பதுபோல்.

நேற்று விற்காமல் நின்ற ஒரு மூடியை
நானே காசு கொடுத்து வாங்கினேன்.
கேம்ப் பஸ்ஸில், ஸ்பூன் இல்லை,
விரலால்.
நகக்கணுவில் வெட்டுக்காயம் எரிந்தது.
ஒரு சுளை வெடித்துக்
கண்ணில் தெறித்தது சாறு.
சம்ஜனா சிரித்தாள், கையை நீட்டினாள்.
நீ ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா
என்று கேட்டேன்,
தமிழில்.