ஏற்கெனவே ஆன்

மணி நாலு. லா ராஞ்சில் மைனஸ் முப்பத்தாறு.
போர்வைக்குள்ளிருந்தே டெல்ஃபின்
ஹேங்கருக்கு ஒரு குறுஞ்செய்தி தட்டுவாள்:
ஆன்.
பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி
சுவிட்ச் 'க்ளிக்' என்று விழும்.
மூக்கில் மெத்தை கட்டிய செஸ்னாவுக்குள்
பாகாய் இறுகிய எண்ணெய்
மெல்ல இளகத் தொடங்கும்.

அந்தப் பெட்டி
இரண்டு எண்களுக்குத்தான் கீழ்ப்படியும்.
ஒன்று இவளுடையது.
மற்றது, அக்டோபரில்
ஸ்பேனர்களைக்கூட எடுக்காமல்
சாஸ்கடூன் போய்விட்ட ஆர்டனுடையது.
அழிக்க வேண்டும் என்று
கையேட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்,
அல்லது தேடவில்லை.

இன்று பதில் உடனே வந்தது:
"ஏற்கெனவே ஆன். 02:10 முதல்."

கெட்டில் கொதித்து அணைந்தது.
வண்டிச் சாவி கையிலேயே இருந்தது.
நன்றி என்று தட்டினாள்,
பெட்டிக்கே.

"தெரியாத கட்டளை" என்றது அது.