ஏழு

பத்தொன்பது நாளாய் ஏழு.
ஏழு தசம் பூச்சியம் பூச்சியம்.
அச்சுவேலிப் பழச்சாறு ஆலையின் பின்பக்கம்
கழிவுத் தொட்டிக்கு மேல, தகரக் கூரைக்குக் கீழ
பச்சை எழுத்தில, இமைக்காமல்.

கச்சான் அடிச்ச நாளும் ஏழு.
மழை வந்து தொட்டி தளம்பின நாளும் ஏழு.
நெல்லிச்சாறு ஓடின திங்களும்
அமிலம் விட்டுக் குழாய் கழுவின வெள்ளியும்
ஆலை பூட்டிக் கிடந்த போயாவும் ஏழு.

மனேச்சர் குகதாசனுக்குச் சரியான சந்தோசம்.
"பார்த்தீரே, உம்மட பிஎச் மானி இப்பதான் அடங்கியிருக்கு."
அடங்கினதுதான் என்னை நித்திரை கொள்ள விடேல்லை.
கழிவுநீர் ஒரு எண்ணில நிக்காது.
ஆடும். கொஞ்சமாவது ஆடும்.
நடுநிலை எண்டு அசையாமல் நிண்டவையை
இந்த ஊரில நான் கண்டிருக்கிறன்.
ஒண்டில் அவைக்குக் காது கேக்கிறேல்லை,
ஒண்டில் ஆரோ வயரை வெட்டியிருப்பினம்.

சனி இரவு. ஆலையில நானும் அலோசியசும் மட்டும்.
அவன் ரோர்ச் பிடிக்க நான் சென்சரைக் கழட்டினன்.
பழச்சக்கை, ஒரு தலைமயிர், வெள்ளையாய்ச் சுண்ணாம்புப் படை.
ஐதான அமிலத்தில அலசி, வடிச்ச தண்ணியில கழுவி
நாலாம் பஃபரில வைச்சன்: ஏழு.
பத்தாம் பஃபரில: ஏழு.
"என்ர தேத்தண்ணிக்குள்ள வைச்சுப் பார்ப்பமோ?"
வைச்சம். ஏழு.

சிரிச்சம். பிறகு சிரிக்கேல்லை.

பெட்டியில பிழையோ? சென்சரை விட்டிட்டுப்
பொய் மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தன்,
நூற்றி எழுபத்தேழு மில்லிவோல்ட்.
நாலு எண்டது, தயங்காமல்.
பெட்டி நேர்மையானது. தனக்கு வந்ததைச் சொல்லுது.
தனக்கு வந்தது பூச்சியம்.
பூச்சியத்தின்ர பேர்தான் ஏழு.

கேபிளோ? தொண்டைமானாற்றுப் பக்கத்து உப்புக்காத்து
இணைப்புக்குள்ள பச்சை பூத்திருந்தது.
சுரண்டினன். அலோசியஸ் சைக்கிளில போய்த்
தமக்கையிட்டைத் தலைமுடி காயவைக்கிற மிசினை
இரவல் வாங்கிக்கொண்டு வந்தான்.
காயவைச்சும் ஏழு. புது வயர் போட்டும் ஏழு.

அப்ப கண்ணாடி.
ரோர்ச்சுக்கு முன்னால குமிழைத் திருப்பத் திருப்ப
ஒரு இடத்தில வெளிச்சம் முறிஞ்சுது.
மயிரிழை வெடிப்பு. அவ்வளவுதான்.
உள்ள கிடந்த கரைசல் வெளிய வந்து
வெளிய கிடந்தது உள்ள போய்
ரெண்டும் ஒண்டாகிப் போச்சு.
வித்தியாசம் இல்லாட்டில் சொல்ல ஒண்டும் இல்லை.
புளிப்பை அறிய, வெடிக்காத ஒரு தோல் வேணும்.

ஞாயிறு விடியக் கொழும்பு பஸ்ஸில பார்சல் வந்தது.
ஊறவைச்சு, ஏழிலயும் நாலிலயும் பழக்கி,
சரிவு தொண்ணூற்றெட்டு வீதம்,
தொட்டிக்குள்ள இறக்கினன்.
ஆறு.
ஐஞ்சு தசம் ரெண்டு.
நாலு தசம் மூண்டு.

வேலிக்கு அங்கால வெங்காயத் தறை.
தறைக்கு ஒரு கிணறு.
கிணறுகளுக்குக் கீழ, சுண்ணாம்புக்கல்லுக்குள்ள
ஓட்டையும் ஓட்டையும் கைகோத்துக் கிடக்கு.
எந்தக் கிணறும் தனிக்கிணறு இல்லை இஞ்ச.
காரம் விடுற பம்பி
பத்தொன்பது நாளைக்குப் பிறகு
டிக் எண்டது. பிறகும் டிக்.

போனில குகதாசன்:
"நல்லாத்தானே கிடந்தது? திங்கள் சுற்றாடல் ஆக்கள் வருகினம்.
பழசைத் திருப்பிக் கொழுவேலாதோ?"
பழசு என்ர பொக்கற்றுக்குள்ள, கடுதாசியில சுத்தி.
"ஏலாது" எண்டன்.
அந்தப் பக்கம் கனநேரம் காத்து மட்டும் இரைஞ்சுது.

பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்தன்.
பத்தொன்பது ஏழுகள். வடிவான கையெழுத்து. என்ர.
மூண்டாம் நாளே சந்தேகம் வந்தது.
வந்தும் எழுதினன்.
ஒவ்வொண்டுக்கும் கோடு கிழிச்சுப்
பக்கத்தில எழுதத் தொடங்கினன்:
தெரியாது.
தெரியாது.
பதினொராவதில பேனை நிண்டிட்டுது.
அலோசியசின்ர சிவப்பை வாங்கினன்.