கைகாட்டி

பில்பாவோ. மூன்றாம் கூடம், கடைசி வரிசை.
ஒன்பது சதுர மீட்டர்.
இடப்பக்கம் தீயணைப்புக் குழாய்,
வலப்பக்கம் ஒரு சுவர்,
சுவருக்குப் பின்னால் கழிப்பறை.
வாடகை குறைந்ததற்கு வேறு காரணம் வேண்டுமா?

எய்பாரில், மூடிப்போன சைக்கிள் பட்டறையின் மாடியில்
நாங்கள் மூன்று பேர் செய்த கை இது.
ஆறு மூட்டு. பதினான்கு கிலோ.
முட்டையைப் பிடிக்கும், உடைக்காது
என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தோம்.
முட்டையைக் கொண்டுவர மறந்துவிட்டோம்.
முதல் நாள் காலை எனெகோ மழையில் ஓடி
இரண்டு டஜன் வாங்கிவந்தான்,
சட்டைக்குள் வைத்து.

எதிரே பெரிய நிறுவனம்.
மஞ்சள் ராட்சதன் ஒரு காரையே தூக்கி
இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவான்,
சந்தையில் மாட்டின் பல்லைக் காட்டுவதுபோல.
ஊரே அங்கே நின்றது.

எங்களிடம் வந்தவர்கள் கேட்டது ஒன்றே:
கழிப்பறை எந்தப் பக்கம்?

பேட்ஜ் ஸ்கேனர் அன்று ஏழு முறை ஒலித்தது.
அதில் இரண்டு, வேலை செய்கிறதா என்று
எனெகோ தன் பேட்ஜையே காட்டியது.
மதியத்துக்கு மேல் எண்ணத் தொடங்கினேன்,
முட்டை அட்டையின் உள்பக்கம், ஐந்தைந்தாகக் கோடு.
ஆறு மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

கூடத்தில் பாதி விளக்கு அணைந்த பிறகு
கையைக் கையில் பிடித்து நடத்தினேன்:
தோளை உயர்த்து,
முழங்கையை நீட்டு,
மணிக்கட்டை வலப்பக்கம் திருப்பு,
இரண்டு விரலையும் சேர்த்து, நில்.
எனெகோ பார்த்துவிட்டுச் சொன்னான்:
"உடனே காட்டினால் விரட்டுவதுபோல் இருக்கிறது, ஒய்ஹானா.
அரை நொடி யோசிக்க விடு."

அரை நொடி அதிகம். பத்தில் நாலு.

மறுநாள், ஒருவர் கோட்டைத் தாண்டினால் போதும்:
கை தன் முட்டையை மெல்லக் கீழே வைக்கும்,
யோசிக்கும்,
வலப்பக்கம் காட்டும்.
சிரித்தபடி போனார்கள்.
திரும்பி வரும்போது இன்னொருவரை இழுத்துவந்தார்கள்.
மஞ்சள் ராட்சதனை ஓட்டுபவர்
டையைத் தளர்த்திக்கொண்டு இரண்டு முறை வந்தார்,
இரண்டாம் முறை அவசரம் ஒன்றுமில்லை.

பெர்மியோவிலிருந்து வந்தார் கோல்தோ,
நெத்திலி டப்பா ஆலைக்காரர்.
வாய் திறக்குமுன் கை காட்டிவிட்டது.
மனிதர் மறுபேச்சின்றிப் போனார்.
ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி வந்து,
"நான் கேட்கவே இல்லையே" என்றார்.

பிறகு கேட்டார்.
பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து:
"முப்பத்தொரு பெண்கள் உட்கார்ந்து முள் எடுக்கிறார்கள்.
கண்ணால் இல்லை, விரல் நுனியால்.
இது எடுக்குமா?"

கண்காட்சியில் யாரும் சொல்லாத சொல் ஒன்று உண்டு.
பக்கத்து அரங்குகளில் அன்று காலையிலிருந்து
எல்லாமே முடிந்துகொண்டிருந்தது.
எனெகோ தீயணைப்புக் குழாயைப் பார்த்தான்.

முடியாது என்றேன்.

டப்பாவை அடுக்கும், மூடும், பெட்டியில் வைக்கும்.
முள் அதற்குத் தெரியாது.
இரண்டு வருடத்தில்? தெரியாது என்றேன்.
அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.
நீளமாகத்தான் எழுதினார்.
ஸ்கேனர் ஒலித்தது. டப்பாவை விட்டுவிட்டுப் போனார்.

கடைசி நாள். நாலரை மணிக்கே
கம்பளம் சுருட்டுபவர்கள் வந்துவிட்டார்கள்.
கையை மடித்துப் பெட்டிக்குள் படுக்கவைத்தோம்.
உடையாமல் மிஞ்சிய முட்டைகளை
விடுதிக் கெட்டிலில் எனெகோ காலையிலேயே அவித்திருந்தான்.
பிளாஸ்டிக் முள்கரண்டியால் டப்பாவைக் காலிசெய்தோம்,
முட்டைமேல் நெத்திலி, ஆளுக்கு மூன்று.
ஒரு முள்கூட இல்லை. தேடித் தேடித் தின்றேன்.

அப்போது ஒரு பெண்,
குதிகால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு,
கேள்வியை முகத்தில் மட்டும் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

முட்டையை மெல்லக் கீழே வைத்தேன்.
பத்தில் நாலு நொடி.