இணக்கச் சான்று

எபேன், ஏழாம் மாடி. மூன்றாம் நாள் சோதனை.
நாற்பத்திரண்டு கட்டங்களிலும்
"தரத்துக்கு இணக்கம்" என்று
தானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறது
இந்த நெட்வொர்க் மென்பொருள்.

கியூர்பிப் மழையில் நிற்கும் செதம்ப்ரத்துக்குப்
போன் போட்டேன்: பிடுங்கு.
பிடுங்கிவிட்டான்.
கேபிள் கையில் ஆடுவதைப் படமும் அனுப்பினான்.

திரையில் கியூர்பிப் பச்சை.
ஒரு நிமிடம். நான்கு.
ஜன்னலுக்கு வெளியே கரும்பும் பச்சைதான்;
அதுவாவது வெட்டினால் விழும்.

பதினோராம் நிமிடம் சிவந்தது,
அவன் திரும்பச் செருகிவிட்டுத்
தேநீர் குடிக்கப் போன பிறகு.

விற்பனையாளர் சிரிக்கிறார்: சின்னத் தாமதம்.
சான்றிதழில் அதற்குக் கட்டமில்லை.

பட்டியலின் அடியில் பேனாவால்
இன்னொரு கட்டம் வரைந்தேன்:
தெரியாதபோது தெரியாது என்கிறதா?

இன்று டிசம்பர் ஒன்பது.
ஜனவரியில் புயல் வந்து பிடுங்கும்.
அது படம் அனுப்பாது.