ஒன்பதில் ஒன்று

பத்து விதை போட்டால் ஒன்பது சாகும்;
பத்தாவது எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காய்க்கும்.
பங்சார் சவுத்தில், இருபத்தோராவது மாடியில்,
இதைத்தான் கோட்பாடு என்கிறோம்.
என் வேலை, அந்த ஒன்பதுக்கு
இறுதிப் பத்தி எழுதுவது.

புனிதமலர் பினாங்கிலிருந்து பஸ்ஸில் வந்தார்.
பாயான் லெப்பாஸில் சிப் சோதிக்கும் வரிசையில்
பதினொரு வருஷம், பாதி இரவு ஷிஃப்ட்.
பையிலிருந்து எடுத்தது சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி.
ஃப்ரீசர் முதுகில் ஒட்டிவிட்டால் போதும்,
கம்ப்ரஷர் சாவதற்கு நாலு நாள் முன்பே
சத்தம் மாறுவதைக் கேட்டுச் சொல்லிவிடும்.
"மீன் கெட்டுப்போறதுக்கு முன்னாடி, சார்."
விலை தொண்ணூறு ரிங்கிட்.
ஜெலுத்தோங் பாசாரில் ஆறு கடை வாங்கியிருந்தது.

நாங்கள் கேட்டோம்: ஆறு எப்போது அறுபது லட்சமாகும்?

பதில் இருந்தது அவரிடம். மெதுவான பதில்.
மீன்காரர் பக்கத்துக் கடையில் சொல்ல வேண்டும்,
பக்கத்துக் கடை ஒரு மழைக்காலம் யோசிக்க வேண்டும்.
எங்கள் நிதிக்கு ஆயுளே பத்து வருஷம்,
அதில் நாலு போயிருந்தது.

பணம் கொடுத்தோம். கூடவே ஆலோசனை.
பெட்டி வேண்டாம், செயலி போதும்.
மீன் என்று போடாதீர்கள், குளிர்ச் சங்கிலி என்று போடுங்கள்.
ஜெலுத்தோங்கை எடுத்துவிட்டு ஜகார்த்தா.
ஸ்லைடு ஸ்லைடாக
கேட்கத் தெரிந்த ஒன்று
செவிடாகிக்கொண்டு வந்தது.

பழையது உடைந்தால்தான் புதியது பிறக்கும் என்று
மலாயாப் பல்கலைக்கழகத்தில் பரீட்சை எழுதி
எழுபத்தெட்டு வாங்கியவன் நான்.
உடைவது பழையதுதானா என்று
வினாத்தாளில் கேட்கவில்லை.

போன மார்ச்சில் தள்ளுபடி செய்தோம்.
எக்செலில் ஒரு கட்டம், பூஜ்யம்.
அதே வாரம் பத்தாவது, ஏதோ ஒரு கடன் செயலி,
முப்பது மடங்கு காய்த்தது. கேக் வெட்டினோம்.

ஆனால் அன்று செய்துகாட்டப் பதிந்த எண் என்னுடையது.
யாரும் நீக்கவில்லை.
அந்த சிம்முக்கு மாதாமாதம்
யார் காசு போடுகிறார்கள் என்பதும் தெரியாது.

நேற்று, விடியாத மூன்று நாற்பதுக்குக்
கைப்பேசி அதிர்ந்தது.
கடை 14. பேரிங் சத்தம் மாறியிருக்கிறது.

பழைய கோப்பில் எண்ணைத் தேடி அழைத்தேன்.
யாரென்று மலாயில் கேட்டார் தியோ அங்கிள்.
சொல்வதற்கு நீளமான பதவிப்பெயர் ஒன்று இருந்தது.
"மலரோட பெட்டி, அங்கிள்" என்றேன்.

"ஓ" என்றார்.
பிறகு கொஞ்ச நேரம்
ஐஸ் அள்ளும் சத்தம் மட்டும்.