தட்டு மூன்று

பாட்காஸ்ட் ஏழு நிமிடம்,
தாண்டினால் மதிப்பெண் குறையும் என்றார் பெனடிக்டா மேடம்.
எழுத்துப் பயிற்சி வகுப்பு, நான்காம் செமஸ்டர்.
'நான் வாழும் தெரு' என்று
யோசிக்காமல் தலைப்பு கொடுத்தேன்.

முதல் பிரதி இப்படித் தொடங்கியது:
"வேலூர் வரலாற்றுச் சிறப்பு மிக்க நகரம்."
மேடம் அதைச் சிவப்பில் அடித்துவிட்டு
ஓரத்தில் கேட்டிருந்தார்:
இதை யாரிடம் சொல்கிறாய்?
வேலூரிடமா?

இரண்டாம் பிரதியில் கோட்டை அகழி போனது.
மூன்றாம் பிரதியில் வெயில் போனது,
சொல்லாவிட்டாலும் தெரியும் என்பதால்.
மிஞ்சியது எங்கள் கடை.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்து.
லாட்ஜுகளின் பலகையில் தமிழுக்கு மேலே வங்காளம்.
மால்டாவிலிருந்தும் அகர்தலாவிலிருந்தும்
ராத்திரி ராத்திரியாக ரயிலில் உட்கார்ந்து வந்து
காட்பாடியில் இறங்கி
மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு
நாங்கள் வாடகைக்கு விடுவது
ஸ்டவ், குக்கர், வாணலி, மெத்தை, தட்டு.
கடுகெண்ணெய் மட்டும் அவர்களே கொண்டுவருவார்கள்.

பதிவு செய்ய குடோன்.
அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவே எதிரொலி இராது
என்று கண்டுபிடித்தவள் ஹெப்சிபா.
குக்கர் மூடியில் போனைச் சாய்த்து வைத்தாள்.
ஃபேனை நிறுத்தினோம். ஏப்ரல்.
படிக்கிற மாதிரி படிக்காதே என்றாள்.
படிக்காத மாதிரி படித்தேன்.
நடிக்காதே என்றாள்.

முதல் டேக்கில் ஷேர் ஆட்டோ.
இரண்டாவதில் 'இன்னல்கள்' என்ற சொல்லில் நாக்கு இடறியது.
மூன்றாவதில் அப்பா கதவைத் தட்டி
"ஃபேன் இல்லாம உள்ள இன்னா பண்ணிகினு கீறீங்க?"
நான்காவது சுத்தமாக வந்தது என்று நினைத்தோம்.

ராத்திரி ஹெட்போனில் கேட்டேன்.
மேலே என் குரல், செய்தி வாசிப்பவள் போல:
"நோயாளிகளின் உறவினர்கள் பல்வேறு இன்னல்களுக்கு..."
அதற்கு அடியில், கதவுக்கு வெளியே, சின்னதாக,
அப்பா யாரிடமோ சாமான் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு தட்டாகத் தரையில் வைக்கிற சத்தம்.
இருபது வருஷத்தில் அவர் கற்ற வங்காளம் பத்து வரைக்கும்தான்.
எக்.
துய்.
தின், என்றது ஒரு பெண் குரல், அவருக்கு முன்னால்.

தின் என்றால் மூன்று.
நம் காதில் அது வேறு சொல்.

தை மாதம் அவர்கள் வந்தபோது நான்தான் நோட்டில் எழுதினேன்:
அறை பதினான்கு, ஆள் மூன்று, தட்டு மூன்று.
கூட வந்த பையன் தட்டில் முகம் பார்த்து
நாக்கை நீட்டினான்.
எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு நோட்டில் ஒரு கட்டம் உண்டு.
எத்தனை பேர் போனார்கள் என்பதற்குக் கோடு போடவில்லை.
தட்டு எப்போதும் சரியாகத் திரும்பி வரும்.

"கணக்கு சரி" என்கிறார் அப்பா, தமிழில்.
அவள் என்னவோ சொல்கிறாள்.
சரியாக அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது
"அரசு ஆவன செய்ய வேண்டும்."
ஒலியைக் கூட்டினேன், குறைத்தேன், நீட்டினேன்.
அவள் மேலிருந்து என்னை
இறக்க முடியவில்லை.

அதையே கொடுத்தேன்,
அடியில் என்ன கேட்கிறது என்று கடைசியில் பேசிச் சேர்த்து.
அது எழுதாமல் பேசியது.
ஏழு நிமிடம் நாற்பது நொடி.
இரண்டு மதிப்பெண் போனது.
'பின்னணி இரைச்சல்' என்று மேடம் எழுதி
பிறகு அதை அடித்திருந்தார்.

அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன்.
"என் கொரலா இது?"
முழுசும் கேட்டார். கொஞ்சநேரம் ஸ்டவ் பர்னரைத் துடைத்தார்.
அப்புறம் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.
"டெபாசிட் திருப்பிக் குடுத்தேனே,
அது கேக்குதா பாரு."

பின்னுக்கு நகர்த்தினேன்.
இருக்கிறது.
'ஆவன'வுக்கும் 'செய்ய'வுக்கும் நடுவே
நான் மூச்சு வாங்கிய இடத்தில்
எச்சில் தொட்டு எண்ணுகிற
நூறு ரூபாய்த் தாள்கள், ஐந்து.