சொந்த வேலை

விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில்
'சொந்த வேலை' என்று எழுதினேன்.
பொய்யில்லை.
மின்வாரியம், வியாசர்பாடி பிரிவு அலுவலகத்தில்
ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தை
வேறெப்படி எழுதுவது.

மலையில்லாத ஊரில்
மலைக்குப் பழகுவது இப்படித்தான்:
விடிகாலை மூன்றே முக்கால், கத்திப்பாரா மேம்பாலம்.
ஏறி, இறங்கி, சுற்றி வந்து, ஏறி.
இருபத்திரண்டாவது தடவை
ரோந்து ஜீப்பை நிறுத்தி ஏட்டு கேட்டார்,
"ஏம்மா, வழி தெரியலையா?"

ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே உருளை.
மூன்றாம் மாடியில் நான் மிதிக்க
இரண்டாம் மாடியில் பாத்திரம் அதிர்ந்தது.
"இந்நேரத்துக்கு யாருங்க மாவாட்டுறது?"
என்று படியேறி வந்த பெனடிக்ட் சார்
வியர்வையில் நனைந்த தரையைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.
தராசில் வைத்துச் சோறு தின்றேன்.
கல்யாணப் பந்திகளில் பாயசம் வருமுன் கை கழுவினேன்.
உட்காருமிடத்துக் கொப்புளங்களை
வாசலின் டப்பா மட்டும் அறியும்.

முதல் நாள் ஈ.சி.ஆர்.
அக்கரை தாண்டியதும் கொண்டல் எழுந்தது.
காசிமேட்டுக்காரிக்குக் காற்றின் பெயர்கள் தெரியும்.
தெரிந்து என்ன,
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நின்றுவிடுமா.
கடல் பக்கத்து ஓரத்திலிருந்து நடுச்சாலை வரை
சாய்கோடாக, ஒருத்தி மறைவில் ஒருத்தி.
கடைசி ஆளுக்கு மறைவு மிச்சமிருக்காது.
முதல் ஆளுக்கு மறைவே கிடையாது.
நான் முதல் ஆள்.
தமயந்தி மேல் காற்றுப் படாமல் பார்த்துக்கொள்வது,
கார் வரை பின்தங்கி
ஆறு பாட்டில் தண்ணீரை முதுகில் திணித்து
அறுபது பேரைத் தாண்டித் திரும்ப வருவது,
இதற்குத்தான் என்னைச் சேர்த்திருந்தார்கள்.
முட்டுக்காட்டில் படகுகள் இருந்தனவா, தெரியாது.
தலையைக் குனிந்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஜவ்வாது மலை.
கத்திப்பாரா அங்கே ஒன்றுக்கும் உதவவில்லை.
உச்சிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில்
தமயந்தியின் பின்சக்கரம் பெருமூச்சு விட்டு அடங்கியது.
எங்கள் கார் எத்தனையோ வளைவுகளுக்குக் கீழே.
என் சக்கரத்தைக் கழற்றினேன்.
"வேணாம் பியூலா" என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும்.
பதினெட்டு விநாடி.
ஒரு தள்ளு தள்ளிவிட்டேன், போய்விட்டாள்.

அப்புறம் நான்,
ஒற்றைச் சக்கரத்துச் சைக்கிள்,
வெயில்.
புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்த பெண்
கூடையோடு வந்து கேட்டாள்,
"அவ பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாளா?"
"நான்தான் குடுத்தேன்."
அவள் நம்பவில்லை.
இரண்டு பழம் கொடுத்துவிட்டுப் போனாள்.
அவ்வளவு உயரத்தில் அவ்வளவு புளிப்பு.

கெடு முடிய ஐம்பது விநாடி இருக்கும்போது
கோட்டைத் தாண்டினேன்.
நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசி நாள் மெரினா, பன்னிரண்டு சுற்று.
சாலையை எங்களுக்கென்று அடைத்திருந்தார்கள்.
யாருமில்லாததை அறியாமல்
நேப்பியர் பாலத்துச் சிக்னல்
சிவப்பு, பச்சை, சிவப்பு.
சிவப்பில் நுழைந்தேன்.
போலீஸ்காரர் விசில் ஊதினார்,
போ போ என்று.
பிறந்த ஊரில் முதல் தடவையாக.
அடுத்த சுற்றிலும் சிவப்புக்காக ஏங்கினேன்.

முந்நூறு மீட்டர் இருக்கையில் விலகினேன்.
இடது பக்கமாகத் தமயந்தி பாய்ந்தாள்.
அதற்கு மேல் என் காலில் ஒன்றுமில்லை,
ஒலிபெருக்கியைக் கேட்டபடி உருண்டு வந்தேன்.

ஐந்து நாளையும் கூட்டிப் பார்த்ததில்
அவள் இரண்டாவது.
ஒன்பது விநாடி வித்தியாசம்.
பதினெட்டில் பாதி.
அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
என் கையிலிருந்த கிரீஸையே
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் நாற்பத்தாறாவது.

திங்கட்கிழமை மூலக்கொத்தளம்.
தொண்ணூறிலிருந்து இறங்கிவரும் சிவப்பு எண்கள்.
முதுகுப் பையில் டிபன் டப்பா.
ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன்,
எல்லோரையும் போல.

ஒன்பது வந்தபோது
பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது.
எட்டுக்கு எல்லா வண்டிகளும்.